ஓட்டைப் படகுக்கு என்ன வைத்தியம்?

அமெரிக்காவின் வட எல்லையில் மின்னஸோட்டா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. அங்கே ஓடும் மோட்டார் கார்களின் நம்பர் தகட்டில் "பதினாயிரம் ஏரிகள்" என்று எழுதியிருக்கும். வீண் ஜம்பம் என்று நினைத்துவிட வேண்டாம். 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணிப் பார்த்ததில் 11,842 தேறின! பனிக்காலத்தில் இந்த ஏரிகள் பாறைபோல் உறைந்துவிடும். வசந்தம் பிறந்து பனி உருக வேண்டியதுதான் தாமதம். பெரியவர்களும் சிறுவர்களும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஏரி இருந்தால் படகு வேண்டும். புதுப் படகு வாங்க எல்லோருக்கும் கட்டுப்படி ஆகுமா? ஆகவே, பழைய படகுகளுக்கு அங்கே எப்போதும் கிராக்கி உண்டு. யார் வீட்டுக் கொல்லையிலாவது தாத்தா காலத்துப் படகு ஒன்று புல் மண்டிக் கவிழ்ந்து கிடக்கும். சாமான்ய உத்தியோகஸ்தர் ஒருவர் அதைச் சொற்ப விலைக்கு வாங்கித் தம் காரின் பின்னால் கட்டி இழுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்கும் மனைவி படகைப் பார்க்கிறாள். பிறகு கணவரைப் பார்க்கிறாள்.

"இது மிதக்குமா?"

"ரிப்பேர் செய்தால் மிதக்கும்."

"குழந்தைகளை இதில் ஏற்றப் போகிறீர்களா?"

இந்தக் கேள்விக்கு அவரால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. படகு ரிப்பேர் என்ற வித்தை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

பழைய படகுகளில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று அலுமினியத் தகட்டால் ஆனது. மற்றது பைபர் என்று சொல்லப்படும் கண்ணாடி நாரால் ஆனது. இரண்டில் எது உசத்தி, எதைச் செப்பனிடுவது சுலபம் என்பது ஏரிக்கரைகளில் ஓயாத வழக்கு. இரண்டுக்கும் நோய் வேறு, வைத்தியமும் வேறு.

போர் விமானத்தின் தம்பி

அலுமினியப் படகு பிறந்த கதை ரசமானது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு "ஹெல்காட்" என்ற சண்டை விமானங்களைச் செய்து கொடுத்தது கிரம்மன் கம்பெனி. அதன் உப தலைவர்களில் ஒருவர் வில்லியம் ஹாப்மன். 1944-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க் ராஜ்யத்தின் அடிரான்டாக் மலைப் பக்கம் மீன் பிடிக்கப் போனார். ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் போக வேண்டுமானால், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். மரச்சட்டத்தில் கித்தான் போர்த்திய 13 அடிப் படகு அது. தோள் கன்றிப் போயிற்று. "விமானம் செய்கிற அலுமினியத்தில் ஒரு படகு செய்தால் என்ன?" என்ற யோசனை அவருக்கு அங்கேதான் உதித்தது.

யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே கிரம்மன் படகுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. விமானத்தின் உடலைச் செய்கிற அதே முறைதான். தகட்டை இழுத்து அச்சில் படிய வைத்து இரண்டு பாதிகளாகச் செய்து, நடுவே ரிவிட் ஆணிகளால் வரிசையாகத் தைத்துவிடுவார்கள். பின்னர் படகுத் தொழில் தனியாகவே நியூயார்க் ராஜ்யத்திலுள்ள மாரதான் என்ற ஊருக்குப் போயிற்று. மின்னஸோட்டாவிலும் இந்தத் தொழில் வேரூன்றியது. ஆஸ்திரேலியாவிலோ இத்தகைய படகுக்குத் "தகரம்" என்ற பொருள்பட ஒரு செல்லப் பெயரே உண்டு.

கண்ணாடி நார்ப் படகும் ஏறக்குறைய அதே காலத்துப் பிள்ளைதான். கண்ணாடியை உருக்கி, தலைமயிரைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, அதைத் துணிபோல் பரப்பி, ரெசின் என்ற பிசின் திரவத்தில் நனைத்து, அச்சில் அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். பிசின் இறுகியதும் கல்லைப்போல் ஆகிவிடும். ஓஹையோ ராஜ்யத்தின் டொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942-ஆம் ஆண்டிலேயே இந்த முறையில் ஒரு படகு செய்து காட்டினார். ஒரே அச்சிலிருந்து படகுகளை வரிசையாக எடுக்கலாம். எந்த வளைவையும் கொண்டுவரலாம். உப்பு நீர் துருப்பிடிக்க வைக்காது. பிறகு கேட்க வேண்டுமா? சில பத்தாண்டுகளில் உலகத்துக் கடற்கரைகளெல்லாம் பைபர் மயமாகிவிட்டன.

நோயை மறைக்காத உடம்பு

அலுமினியத்திடம் ஒரு நல்ல குணம் உண்டு. தன் நோயை அது மறைக்காது. பாறையில் மோதினால் ஒடுங்கும். ஒடுக்கு கண்ணுக்குத் தெரியும். கிழிந்தால் கிழிசல் தெரியும். ஆணி தளர்ந்தால் அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழும்.

பழைய அலுமினியப் படகுகளின் தீராத வியாதி இந்த ஆணித் தளர்ச்சிதான். இருபது முப்பது வருஷம் அலையில் அடிபட்டால், ஆணி இருக்கும் துளை சிறிது சிறிதாக அகன்றுவிடும். ஒவ்வோர் ஆணியின் பக்கத்திலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசியும். எந்த ஆணி என்று கண்டுபிடிப்பது எப்படி? மிகவும் சுலபம். படகைத் தண்ணீரில் விடாமல், தண்ணீரைப் படகில் விட வேண்டும்! படகைக் கட்டைகளின்மேல் நன்றாக அண்டை கொடுத்து நிறுத்தி, உள்ளே சில அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டுகிற இடங்களையெல்லாம் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. ஒரு கன அடித் தண்ணீரின் எடை 62 பவுண்டு. ஆசைப்பட்டு விளிம்புவரை நிரப்பினால் கனம் தாங்காமல் படகே வளைந்துவிடும்.

தளர்ந்த ஆணியை இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து சுத்தியால் அடிக்க, மற்றவர் உள்ளே குந்தி, கனமான இரும்புத் துண்டு ஒன்றை ஆணியின் மறுமுனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடி விழ விழ, ஆணியின் வால் பரந்து துளையை அடைத்துக்கொள்ளும். துளை மிகவும் அகன்றிருந்தால் பழைய ஆணியைத் துளையிட்டு எடுத்துவிட்டு, அதற்கு அடுத்த பெரிய அளவில் புது ஆணி அடிப்பார்கள்.

தகட்டில் கீறல் விட்டிருந்தால் முதலில் கீறலின் இரு முனைகளிலும் சிறு துளை போடுவது வழக்கம். ஓட்டையை அடைக்கத் துளையா என்று சிரிக்கத் தோன்றும். கூரான முனையிலிருந்துதான் கீறல் மேலே ஓடும். முனை வட்டமாகிவிட்டால் அது நின்றுவிடும். அதன் பிறகே மேலே ஒட்டுத் தகடு வைத்து, இடையில் பசை தடவி ஆணி அடிப்பார்கள்.

ஏன், வெல்டிங் செய்துவிட்டால் போகாதா? போகும், ஆனால் தெருமுனை வெல்டிங் கடைக்காரர் எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். அதன்மேல் காற்றுப் பட்டு உண்டாகும் மெல்லிய படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மேல்தோல் உருகுவதற்குள் உள்ளே இருக்கும் தகடு ஒழுகித் துளை பெரிதாகிவிடும். அதனால் படலத்தை எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்த கையோடு, ஆர்கான் வாயுவின் காவலில் பற்றவைக்க வேண்டும். இது தேர்ந்த கைக்குத்தான் வரும்.

செப்புக் காசு செய்யும் கொலை

அலுமினியத்துக்கு ஒரு ஜன்மப் பகை உண்டு. அது செம்பு. இரண்டும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் நுட்பமான மின்சாரம் ஓடி, அலுமினியம் கரையத் தொடங்கிவிடும். படகின் அடியில் தவறி விழுந்த ஒரு செப்புக் காசு, உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தால், நாளடைவில் தகட்டையே துளைத்துவிடக் கூடும்.

இதை அறியாமல் நல்லதென்று நினைத்துக் கெடுப்பவர்கள் அநேகர். கறையான் அரிக்காத மருந்திட்ட பலகை கடையில் கிடைக்கிறதே என்று அதை வாங்கிப் படகின் தரையில் பதிப்பார்கள். அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். பாசி பிடிக்காமலிருக்க அடியில் ஒரு வர்ணம் பூசுவார்கள். அதிலும் செம்பு இருக்கும். வைத்தியமே விஷமாகிவிடும். அலுமினியத்துக்கென்று தனியே செய்த வர்ணமும், செம்பு கலவாத பலகையும் கேட்டு வாங்குவதே விவேகம். கடல் நீரில் ஓடும் படகானால், துத்தநாகக் கட்டி ஒன்றை உடலில் பொருத்தி வைப்பார்கள். அரிப்பு வந்தால் அந்தக் கட்டி தன்னைக் கொடுத்துப் படகைக் காப்பாற்றும்.

உள்ளுக்குள் அழுகும் அழகன்

பைபர் படகின் கதை வேறு. வெளியே பளபளவென்று மின்னும். தேய்த்து மெருகு போட்டால் புதுப் படகோ என்று மயங்கத் தோன்றும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

இந்தப் படகுகள் பலவற்றில் இஞ்சின் மாட்டும் பின்பலகையும், நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் உள்ளே மரம், மேலே பைபர். இஞ்சினை முடுக்கிய ஆணித் துளை ஒன்றின் வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும். வெளியேற வழியில்லாமல் மரம் ஊறி, அழுகி, மக்கிச் சேறாகிவிடும். வெளியே ஒரு வடுவும் இராது. ஒரு நாள் ஏரி நடுவே இஞ்சினை வேகமாக முடுக்கும்போது பின்பலகை பிளந்துகொள்ளும்.

ஆகவே, பைபர் படகைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பது நல்லது. சிறு சுத்தியால் உடம்பெல்லாம் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் தொப்பென்று சொல்லும். வாங்குமுன் இஞ்சினின் கீழ்ப்பாகத்தில் ஒரு கால் வைத்து அழுத்திப் பார்ப்பதும் வழக்கம். பின்பலகை அசைந்து கொடுத்தால், விற்பவர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

சில படகுகளின் அடியில் கொப்புளங்கள் எழும். தண்ணீர் மேல்பூச்சின் வழியே நுண்ணியதாக ஊடுருவி, உள்ளிருக்கும் பொருளுடன் கலந்து கட்டுவதால் வருவது இது. குத்தினால் புளிக்காடி வாசனையுள்ள நீர் வடியும். இதற்கு அவசர வைத்தியம் கிடையாது. கொப்புளங்களை உடைத்துச் சுரண்டி, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உலர விட்ட பிறகே பூச வேண்டும்.

ஓட்டையை அடைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டையின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் நீளம் கனத்தைப்போல் 12 மடங்கு இருக்க வேண்டும். கால் அங்குலக் கனமானால் சுற்றிலும் 3 அங்குலம். உள்ளங்கையளவு ஓட்டைக்குச் சாப்பாட்டுத் தட்டளவு ஒட்டு! அவசரக்காரர்கள் இதைச் செய்யாமல், ஓட்டையின்மேல் துணியை ஒட்டி வர்ணம் பூசிவிடுவார்கள். பழைய பிசினும் புதுப் பிசினும் உருகி ஒன்றாவதில்லை. சொரசொரப்பான பரப்பில் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. பற்று இல்லாத ஒட்டு முதல் புயலிலேயே உரிந்துவிடும்.

முறையாகச் செய்தாலோ, பைபருக்கு நிகர் இல்லை. பெரிய பட்டறை வேண்டாம். பிரஷ்ஷும் உருளையும் போதும். ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் தெரியாமல் உடம்பு ஒன்றாகிவிடும். பாதி உடைந்த படகுக்குக்கூட மறு பாதியை வளர்த்துவிடலாம்.

தமிழ்க் கரையில் பைபர்

பைபர் படகு என்றதும் தமிழ்நாட்டு மீனவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். மரம் அரிதாகி விலையும் ஏற ஏற, கட்டுமரமும் மரவள்ளமும் இருந்த இடத்தைப் பைபர் பிடித்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து கரையோரத்துப் படகுகளை நொறுக்கிப் போட்டபோது, உதவியாக வந்தவற்றில் பெரும் பகுதி பைபர் படகுகளே. அந்த அவசரத்தில் கட்டியவற்றுள் அடுக்கு குறைந்த, தரம் குறைந்த படகுகளும் இருந்தன. பிந்திய ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் பைபர் படகு கட்டும் முறையை விளக்கும் கையேடுகளை வெளியிட்டது.

மின்னஸோட்டா ஏரிப் படகு வருஷத்தில் பாதி நாள் கொல்லையில் தூங்கும். தமிழ்க் கரையில் படகு தினந்தோறும் அலையைக் கிழித்துப் போய், திரும்பி வந்து மணலில் ஏற வேண்டும். மணலில் இழுபட்டு இழுபட்டு அடிப்பகுதியான ஏரா தேய்கிறது. தேய்ந்த இடத்தில் நார் வெளியே தெரிந்தால், தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையிலேயே உலர்த்தித் தேய்த்து அடுக்கு ஏற்றினால் சில நாள் வேலையோடு போகும். "இந்த சீசன் போகட்டும்" என்று தள்ளிப் போட்டால் படகு தண்ணீர் குடித்துக் கனக்கும். எண்ணெய்ச் செலவு ஏறும், உடம்பு நெகிழும். அந்தக் குடும்பத்துக்குப் படகுதான் வயலும் வாய்க்காலும்.

பைபர் வேலை செய்கிறவர்களின் உடம்பையும் நினைக்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலை அரிக்கும், நெஞ்சில் தங்கும். ரெசினின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். ரெசினை இறுக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கேட்டலிஸ்டையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, கலந்தால் வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் செலவல்ல. அந்தத் தொழிலாளியின் ஆயுள் இன்ஷூரன்ஸ்.

கடைசி யாத்திரை

எந்தப் படகுக்கும் ஒரு நாள் முடிவு வரத்தான் செய்யும். அலுமினியப் படகு செத்தால் பழைய சாமான்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போவார். அதை உருக்கி மறுபடி உலோகமாக்க, மண்ணிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் சக்தியில் 100-க்கு 5 பங்குதான் வேண்டும். இன்றைய படகு நாளைய வாணலி!

பைபருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு தடவை இறுகிய பிசின் மறுபடி உருகாது. உலகின் எத்தனையோ துறைமுகங்களில் அநாதைப் படகுகள் கிடந்து மக்காமல் மக்குகின்றன. பிரான்ஸ் தேசத்தில் புதுப் படகு விற்கும்போதே ஒரு தொகை வாங்கி, பழைய படகுகளைப் பிரித்து அப்புறப்படுத்தும் ஏற்பாடு 2019-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பழைய பைபரைத் தூளாக்கிச் சிமெண்டுச் சூளையில் போடும் சோதனையும் நடந்திருக்கிறது. ஆகவே, பைபர் படகைச் செப்பனிட்டு இன்னும் பத்து வருஷம் ஓட்டுகிறவர் தமக்கு மட்டுமின்றி ஊருக்கும் உபகாரம் செய்கிறார்.

தரையைப் பெயர்த்துப் பார்!

அப்படியானால் எது உசத்தி? ஏரியில் ஓட்டுவதற்கு, ஓய்வு நாளில் தாமே ரிப்பேர் செய்துகொள்ள விரும்புகிறவருக்கு, அலுமினியம் பொறுமையான தோழன். உப்புக் கடலுக்கும், அலை மோதும் கரைக்கும், கைத்திறன் உள்ள ஊருக்கும் பைபர் நல்ல துணை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை உண்டு. படகை முழுக வைப்பது பெரும்பாலும் வெளியே தெரியும் ஓட்டை அல்ல. தரைக்குக் கீழே தெரியாமல் இருப்பது.

தரைப்பலகைக்கு அடியில் மஞ்சளாக ஒரு நுரைக்கட்டியை அடைத்திருப்பார்கள். படகில் தண்ணீர் புகுந்தாலும் அது முழுகிவிடாமல் காப்பது இதுதான். அமெரிக்காவில் 1978-க்குப் பிறகு கட்டப்பட்ட, 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகள் பெரும்பாலானவை, தண்ணீர் நிறைந்தாலும் கவிழாமல் சமமாக மிதக்க வேண்டும் என்பது சட்டம். பழைய படகில் இந்த நுரை வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்து நூற்றுக்கணக்கான பவுண்டு கனத்திருக்கும். படகைத் தூக்கிவிட வேண்டிய பொருளே அதை அமிழ்த்தும் பொருளாகிவிடும். சிலர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "படகு லேசாகிவிட்டது" என்று மகிழ்ந்து, புது நுரை வைக்காமலே தரையை மூடிவிடுகிறார்கள். அந்தப் படகில் ஏறுகிற குழந்தைக்கு இது தெரியாது.

மின்னஸோட்டா உத்தியோகஸ்தரும் வர்ண டப்பாவைத்தான் முதலில் வாங்கி வந்தார். மனைவியின் கேள்வி மனத்தை உறுத்தவே, டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுத் தரைப்பலகையைப் பெயர்த்தார். ஊறிய நுரையை வாரிக் கொட்டினார். மக்கிய பின்பலகையைக் கழற்றினார். புதுப் பலகையும் புது நுரையும் வைத்தார். ஆணி இறுக்க வேண்டி வந்தபோது உள்ளே குந்தி இரும்பைப் பிடித்துக்கொண்டது வேறு யாருமல்ல, அந்த அம்மாளேதான். வர்ணம் பூசியது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஏரியில் இறக்கிய அன்று முதல் கால் மணி நேரம் இருவரும் தூண்டிலைத் தொடவில்லை. குனிந்து படகின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டும் ஊறவில்லை. அதன் பிறகுதான் அவள் கரையைப் பார்த்துக் கையசைத்தாள். மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு அங்கே காத்திருந்த குழந்தைகள் ஓடி வந்தன.